ராணியின் வெறுங்காது

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணலாக வரும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். ஆட்களின் பெயரும் வருசமும் இப்போது தலைக்குள் நிற்பதில்லை. துணியின் நிறமும் தையலும் மட்டும் மறப்பதில்லை. அதனால் துணியைப் பிடித்துக்கொண்டே இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பாரிசில் மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோவுக்குக் கிட்ட, எங்கள் வட்டாரத்து ஆட்கள் கூடுகிற ஒரு மண்டபம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் அங்கே பெண்களுக்குத் தையல். ஒன்பது வருசமாகப் போகிறேன். ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரை என்னுடையது. 'பொன்ழூர்' சொல்லி உள்ளே போவேன், 'ஒறுவார்' சொல்லி வெளியே வருவேன். நடுவில் இரண்டு மணித்தியாலம் வாய் திறந்தால் அது நூல் நுனியை எச்சில்படுத்தி ஊசிக்குள் விடத்தான். பிரெஞ்சு தெரியாது என்றில்லை. முப்பது வருசத்தில் காதுக்குள் நிறையப் போயிருக்கிறது. வாயால்தான் வெளியே வராது.

மண்டபத்தை நடத்துகிற மதாம் தபால் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். பழைய ராசா ராணி கதை என்றால் அவருக்குச் சாப்பாடு தேவையில்லை. போன மாரியில் அவர் ஒரு நாடகம் எழுதிக்கொண்டு வந்தார். வசந்தகாலத்தில் எங்கள் வட்டாரத்து விழாவில் போடுவதற்கு. நடிப்பது தையல் வகுப்புப் பெண்கள், உடுப்புத் தைப்பதும் நாங்களே. நான் அவசரமாகக் கை தூக்கி, நடிக்க மாட்டேன், தைக்கிறேன் என்று சைகையில் காட்டினேன். ஒன்பது வருசத்தில் நானாகக் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

எனக்குக் கதையை விளங்கப்படுத்தியவர் பாண்டிச்சேரி ஐயா. நகரசபையில் எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனுசன், கத்தோலிக்க வேதக்காரர். பிரெஞ்சில் கடிதம் எழுத வேண்டியவர்கள் எல்லாம் அவரைத்தான் தேடிப் போவார்கள். மண்டபத்துக்கு வந்து விளக்குப் பூட்டுவார், எனக்கு மொழிபெயர்ப்பார், இடையிடையே என் தமிழைப் பகிடி பண்ணுவார். நான் ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்றால், "அம்மா மந்திரம் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க" என்பார்.

கதை இதுதான். நானூறு வருசத்துக்கும் முந்தியது. இங்கிலாந்தில் ஒரு ராணி. கலியாணமே வேண்டாம் என்று தனியாக இருந்து நாட்டை ஆண்டவள். அவளுக்கு உறவுக்காரி, ஸ்கொட்லாந்து ராணி. ஒருத்தி புதுச் சமயம், மற்றவள் பழைய கத்தோலிக்க வேதம். இருவருக்கும் நடுவில் ஒரே முடி. ஸ்பெயின் ராசா வேதத்தின் பெயரைச் சொல்லிக் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் படை அனுப்புகிறான். இங்கிலாந்துக் கப்பல்காரர் உலகத்தைச் சுற்றிப் போய், அவனுடைய கப்பல்களை மறித்துப் பொன்னும் வாசனைச் சரக்கும் கொள்ளையடித்து வருகிறார்கள்.

"இது நமக்குத் தூரத்துக் கதைன்னு நெனைக்காதீங்கம்மா," என்றார் ஐயா. "அந்த ஸ்பெயின் ராசாதான் போர்த்துகலுக்கும் ராசாவா இருந்தான். உங்க யாழ்ப்பாணத்துல வந்து எறங்கின பரங்கி யாரு? அவன் ஆளுங்கதான்."

"எங்கட ராசாவை வெட்டினவங்களோ?"

"ஆமா. அதுக்கு முன்னாடி உங்க ராசா மன்னார்ல வேதத்துக்கு வந்தவங்கள வெட்டினாரே, அத ஸ்கூல்ல சொல்லித் தரலயா?"

"அஞ்சாம் வகுப்பிலை பரங்கி கறுவாப்பட்டைக்கு வந்தவன் எண்டு மட்டுந்தான் படிச்சனான் ஐயா. மிச்சம் ஆறாம் வகுப்பிலை இருந்திருக்கும்."

அவர் சிரித்துவிட்டார். அவர் வேதம், நான் சைவம். எங்கள் இருவருக்கும் சண்டை பிடிக்க நானூறு வருசத்துக் காரணம் இருந்தும், ஒரே ஹீட்டரில் கை காய்ச்சிக்கொண்டுதான் இருந்தோம். அந்தக் காலத்தில் இந்தப் பாரிசிலேயே வேதத்துக்கு வேதம் தெருத்தெருவாக வெட்டிக்கொண்டார்களாம். நான் தினமும் பால் வாங்கப் போகிற தெருக்கள் அப்போது வயலாக இருந்திருக்கும் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஸ்கொட்லாந்து ராணியின் கதைதான் என்னைப் பிடித்தது. பிறந்து ஒரு கிழமையிலேயே ராணி. ஐந்து வயதில் கப்பல் ஏற்றிப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கேயே வளர்ந்து, பதினைந்து வயதில் இளவரசனைக் கட்டி, பிரான்சுக்கும் ராணியானாள். பிறகு தன் நாட்டுக்குத் திரும்பிப் போனாள். அங்கே சண்டை. முடியைப் பறித்துவிட்டார்கள். மீன்பிடி வள்ளம் ஒன்றில் தண்ணீரைக் கடந்து, உறவுக்காரியிடம் அடைக்கலம் கேட்டுப் போனாள். அந்த உறவுக்காரி அவளைப் பத்தொன்பது வருசம் பூட்டி வைத்து, கடைசியில் தலையை எடுத்தாள்.

மீன்பிடி வள்ளம் என்றதும் எங்கள் வகுப்பில் இருந்த வன்னிப் பிள்ளை ஒன்று நிமிர்ந்து பார்த்தது. "பத்தொன்பது வருசம் முடிவு சொல்லேல்லையோ? அப்ப அவவின்ர கேசும் எங்கட அகதிக் கேஸ் மாதிரித்தான்," என்றாள். தமிழ் தெரிந்த நாங்கள் மூவரும் சிரித்ததில் மதாமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐயா மொழிபெயர்த்ததும் அவர் சிரிக்கவில்லை. சட்டென்று அதைக் குறித்துக்கொண்டார்.

முதலில் எனக்குக் கிடைத்தது இங்கிலாந்து ராணியின் கழுத்துப்பட்டி. படத்தில் பார்த்தால் இடியப்பத் தட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கும். வெள்ளைத் துணியை மடிப்பு மடிப்பாகச் சுருக்கி வட்டமாக நிறுத்த வேண்டும். கடையில் வாங்கிய தெளிப்பு மருந்து அடித்துப் பார்த்தார்கள், பத்து நிமிசத்தில் தொங்கிவிட்டது. நான் வீட்டுக்குக் கொண்டுபோய், பச்சையரிசிக் கஞ்சி வடித்து, துணியால் அரித்து, தோய்த்து, பாதி காய்ந்த நேரத்தில் விரலால் மடிப்புப் பிடித்து அயன் பண்ணிக் கொண்டுவந்தேன். வேட்டிக்குப் போடுகிற அதே பக்குவம். கழுத்தில் வைத்ததும் அசையாமல் நின்றது. மதாம் அதைச் சுண்டிப் பார்த்தார். டக் என்று சத்தம் கேட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

அந்தக் கழுத்துப்பட்டியால்தான் அடுத்த வேலையும் என்னிடம் வந்தது. ஸ்கொட்லாந்து ராணியின் கலியாண உடுப்பு.

மதாம் ஒரு பழைய படத்தின் கொப்பியைத் தந்தார். சின்ன வயதுப் பெண். தலையில் வெள்ளைத் துணி, நெற்றியோடு ஒட்டி. கழுத்தில் இருந்து நாடி வரைக்கும் மெல்லிய வெள்ளை வலை, மடிப்பு மடிப்பாக. தோளிலும் வெள்ளை. படத்தை வைத்திருந்த தோசியேயில், அதுதான் கோவையில், 'கலியாணம்' என்று எழுதியிருந்தது.

படத்தைக் கையில் வாங்கியவுடன் காதைத்தான் தேடினேன். காதில் ஒன்றுமில்லை. கழுத்தில் ஒன்றுமில்லை. ஒரு நாட்டுக்கு ராணியாகப் பிறந்து, இன்னொரு நாட்டுக்கு ராணியாகப் போகிற பெண், கலியாணத்தன்று ஒரு முத்துக் கூடவா போட மாட்டாள்? கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்கவில்லை.

"ஐயா," என்றேன் மெதுவாக. "இது கலியாணப் பொம்பிளை இல்லை. புருசன் செத்த பொம்பிளை."

"என்னம்மா நீங்க. இந்த ஊர்ல கல்யாணப் பொண்ணு வெள்ளைதான் போடும். நம்ம சர்ச்சிலயும் அப்படித்தான். துக்கம்னா கறுப்பு. நீங்க உங்க ஊர்க் கண்ணால பாக்குறீங்க."

"காதைப் பாருங்கோவன்."

"துணிக்குள்ள மறைஞ்சிருக்கும். மேடத்துக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது? அஞ்சாங் கிளாஸ்ல இதெல்லாம் வந்திருக்காது, தைங்கம்மா."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அந்த 'அஞ்சாங் கிளாஸ்' நெஞ்சுக்குள் போய் இருந்தது. படத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. அப்போது நாங்கள் லா கூர்னெவ்வில், மாடி வீடுகளில் இருந்தோம். என் கணவர் உணவகச் சமையலறையில் வேலை. நான் வந்து மூன்றாம் வருசம், நெஞ்சு வலி என்று போனவர் திரும்பி வரவில்லை. தாலியையும் தோட்டையும் நானே கழற்றினேன். ஊரில் என்றால் பெண்டுகள் சுற்றி இருப்பார்கள். இங்கே குளியலறைக் கண்ணாடி மட்டும்தான் இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வெள்ளைச் சேலையோடு படி இறங்கினேன். லிப்ட் வேலை செய்யவில்லை. கீழ் வீட்டுப் பிரெஞ்சு மனுசி நாயோடு ஏறி வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஃபெலிசித்தாசியோன்," என்றார். வாழ்த்துக்கள். வீட்டில் கலியாணம் என்று நினைத்துவிட்டார். நல்ல மனுசி. வெள்ளை என்றால் அவர்களுக்கு அதுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெர்சி" என்றேன்.

வேறு சொல் வாயில் வரவில்லை. புருசனின் அந்தியேட்டி அன்று வாழ்த்து வாங்கி, நன்றியும் சொல்லிவிட்டு இறங்கினேன். இத்தனை வருசமாக அந்த ஒரு சொல்லை நான் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அந்தக் கிழமை முழுக்கத் தையல் மெசினில் கை வைக்கவில்லை. அந்தப் பெண்ணின் துக்கத்தை நான் கலியாணமாகத் தைத்துக் கொடுத்தால், மண்டபம் முழுக்க உட்கார்ந்து அவளுக்கு 'ஃபெலிசித்தாசியோன்' சொல்லும். அவளால் வாய் திறக்க முடியாது. நானும் திறக்காவிட்டால் அது இரண்டாவது 'மெர்சி'.

அலுமாரியில் என் பழைய கடதாசிகளைக் கிளறினேன். கணவர் செத்த அடுத்த மாதம், இந்த நாட்டில் இருப்பதற்கான கார்த் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கார் து நோர் ரயில் நிலையத்தில் இருக்கிற படப் பெட்டிக்குள் இருந்து எடுத்த படம். நாலு வரும், இரண்டைக் கொடுத்தேன், இரண்டு மிச்சம். அதில் ஒன்றைக் கண்டெடுத்தேன். பொட்டில்லாத நெற்றி, வெறுங்காது, சேலைத் தலைப்புக் கழுத்தோடு. கண் யாரையும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஐயாவைத் தேடவில்லை. நேரே மதாமின் மேசைக்குப் போனேன். ராணியின் படத்தை வைத்து, பக்கத்தில் என் படத்தை வைத்தேன். விரலால் ராணியைக் காட்டி, "மதாம், பா மரியாஜ்," என்றேன், கலியாணம் இல்லை என்று. பிறகு என் படத்தைக் காட்டினேன். "முவா. மரி, மோர்." நான். புருசன் செத்தது. திரும்பவும் ராணியைக் காட்டி, "எல் ஒசி," என்றேன். அவளும்தான்.

ஒன்பது வருசத்தில் நான் அவரோடு பேசிய முதல் வசனம் அது. மெசின்கள் எல்லாம் நின்றுவிட்டன.

மதாம் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபமோ என்று பயந்து போனேன். "அம்மா, என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?" என்று ஐயா ஓடி வந்தார். "நீங்கள் மொழிபெயர்க்காமல் விட்டதைத்தான்," என்றேன். வன்னிப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு மணித்தியாலத்தில் மதாம் நூலகத்தில் இருந்து பெரிய புத்தகம் ஒன்றோடு வந்தார். அதே படம் முழுப் பக்கத்தில் இருந்தது. கீழே எழுதியிருந்ததை ஐயாவிடம் வாசிக்கச் சொன்னார். ஐயா வாசித்தார், குரல் இறங்கி இறங்கிப் போனது.

"வெள்ளைத் துக்க உடையில் ராணி," என்றார். "அந்தக் காலத்துல பிரான்ஸ் ராணிமாருக்குத் துக்கத்துக்கு வெள்ளையாம். ஒண்ணரை வருசத்துல மாமனார், தாய், புருசன் மூணு பேரையும் பறிகொடுத்திருக்கா. பதினெட்டு வயசாம்." பிறகு அடுத்த பக்கத்தைப் பார்த்து, "ஆனா கல்யாணத்துக்கும் அவ வெள்ளைதான் போட்டாளாம். துக்கத்துக்கான நிறத்தைப் போடுறாளேன்னு ஊரே பேசிச்சாம். நானும் பாதி சரிதானே?"

"பாதி சரி ஐயா," என்றேன்.

"ஆறாங் கிளாஸ்லயும் இது வரல," என்றார். "எனக்கும்தான்." அதற்குப் பிறகு அவர் என்னை 'அம்மா' என்றதில்லை, 'அக்கா' என்றுதான். அவரைவிட நான் ஒரு வயது மூப்பு என்று அன்றுதான் கணக்குப் பார்த்தோம்.

பிரச்சினை அதோடு முடியவில்லை. ஸ்கொட்லாந்து ராணியாக நடிக்க இருந்தவள் மாலி நாட்டுப் பெண், உயரமான வடிவான பிள்ளை. கலியாணக் காட்சியில் முத்து மாலையும் முத்துத் தோடும் போட ஆசைப்பட்டுக் காத்திருந்தவள். துக்க உடுப்பு என்றதும் முகம் வாடிப்போனது. "எனக்கு ஒரு நகையும் இல்லையா?" என்று மதாமைக் கேட்டாள். மதாம் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முன்பு என்றால் குனிந்து நூலைத் தேடியிருப்பேன்.

"போடட்டும்," என்று ஐயாவிடம் சொன்னேன். "கலியாணத்துக்கு எல்லாம் போடட்டும். பிறகு சனத்துக்கு முன்னாலையே ஒண்டொண்டாக் கழட்டட்டும். கழட்டினால்தான் விளங்கும்."

மதாம் எழுதி வைத்திருந்த நீட்டு வசனத்தை அன்றே வெட்டிவிட்டார். அந்த இடத்தில் பேச்சே இல்லை, கழற்றுவது மட்டும்தான். கழற்றுகிற நகையை வாங்க ஒரு தட்டு வேண்டும், தட்டைப் பிடிக்க ஒரு பணிப்பெண் வேண்டும் என்றார். நான் ஹீட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். பலிக்கவில்லை.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. ரூ லூயி-பிளாங் தெருவின் தமிழ்க் கடைக்காரர் கூட வந்திருந்தார்கள். இங்கிலாந்து ராணியாக நடித்த அல்ஜீரியாக்காரி என் கழுத்துப்பட்டியோடு வந்து நின்றபோது, பின்வரிசை வரைக்கும் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கடதாசியில் செய்த கப்பல்கள் உலகத்தைச் சுற்றின. ஸ்பெயின் கப்பல்களைப் புயல் அடித்தது. புயல் எங்கள் பாண்டிச்சேரி ஐயா. மேசை மின்விசிறியோடு திரைக்குப் பின்னால் நின்றார். "நான் கத்தோலிக்கன், என் கையாலயே கத்தோலிக்கக் கப்பல மூழ்கடிக்க வச்சிட்டாங்க அக்கா," என்று என் காதுக்குள் முறையிட்டார்.

ஸ்கொட்லாந்து ராணியின் காட்சி வந்தது. நான் பூசைக்கு வைத்திருக்கிற பித்தளைத் தட்டோடு அவள் பக்கத்தில் போய் நின்றேன். சனத்தைப் பார்க்கவில்லை, தட்டை மட்டுமே பார்த்தேன். மாலை விழுந்தது. மோதிரம் விழுந்தது. வலது காதுத் தோடு விழுந்தது. இடது காதுத் தோட்டின் கொளுக்கி வலைத் துணியில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. வலை கிழிந்துவிடும் என்று கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

தட்டைக் கீழே வைத்தேன். கிட்டப் போய் அவள் கன்னத்தை ஒரு பக்கம் திருப்பி, வலையின் கண்ணை விரலால் விலக்கி, கொளுக்கியை மெல்லக் கழற்றினேன். எனக்குக் கழற்ற அன்றைக்கு ஒருத்தரும் இருக்கவில்லை. இவளுக்கு நான் இருந்தேன். தோட்டைத் தட்டில் போட்டுவிட்டு, வெள்ளைத் துணியை அவள் நெற்றியோடு ஒட்ட இழுத்துவிட்டேன். கலியாணம் என்று ஒருத்தரும் நினைக்கவில்லை.

முடிந்த பிறகு, வாசலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். தடி ஊன்றிய பிரெஞ்சு மனுசி ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார். தனக்கும் கணவர் இல்லை என்றார். அந்த வெள்ளை உடுப்பைத் தைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். நல்லாயிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, வாழ்த்தவும் இல்லை. "உய், செ சா," என்று மட்டும் சொன்னார். ஓம், அது அப்படித்தான்.

"மெர்சி," என்றேன். இந்த முறை அது சரியான இடத்தில் விழுந்தது.

எழுதி முடித்துப் பார்த்தால் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அந்தப் படம் கீறியபோது செத்திருந்தது புருசனா மாமனாரா என்று புத்தகத்தில் ஏதோ ஒரு வாதம் இருந்தது, அதை மறந்துவிட்டேன். அவள் வள்ளத்தில் கடந்தது கடலா ஆறா என்றும் தெரியவில்லை. பரங்கி எங்கள் ராசாவை வெட்டிய காலம் ஸ்பெயின் ராசாவின் காலம்தானா என்பதும் ஐயா சொன்னதுதான், நான் படித்ததில்லை. ஆறாம் வகுப்புக்கு மேல் போனவர்கள் யாராவது தயவு செய்து பார்த்து, பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். காதில் ஒன்றும் இல்லை என்பதை மட்டும் திருத்த வேண்டாம். அதை நானே கண்ணால் பார்த்தேன்.